முட்டிவலி அம்மாவோடு யார்க்‌ஷயர்: மாலம் பக்கம் நடக்க முடியுமா?

கொருக்குப்பேட்டை_ஜங்ஷன்:
ஜூன் கடைசியில அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்து பிராட்ஃபோர்டுல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறோம். கார் கிடையாது. மாலம் கிராமத்துல ஒரு நாள் நடக்கலாம்னு யோசனை. அம்மா சமதரையில மூணு கிலோமீட்டர் நடப்பாங்க, படிதான் ஆகாது. எந்த வழி சரிப்படும்?

ராயபுரம்_வடக்கு:
தாராளமா போங்க. ஆனா எல்லாரும் சொல்ற எட்டு கிலோமீட்டர் சுற்று வேணாம். ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி, கோர்டேல் ஸ்கார் பாறைப் பள்ளத்தாக்கு எல்லாம் பார்த்துட்டு மாலம் கோவ்ங்கிற பாறைச்சுவர் உச்சிக்குப் போனா, திரும்ப சுமார் 400 கல்படி இறங்கணும். ஏறுறதைவிட இறங்குறதுதான் முட்டியைப் பதம் பார்க்கும்.

அம்மாவை கோவ் அடிவாரத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க. ஊர்லேர்ந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளதான், ஓடையை ஒட்டி நல்ல பாதை. பாறைச்சுவர் சுமார் 80 மீட்டர், நம்ம எல்ஐசி கட்டடத்தைவிட உயரம். அந்தப் பாறைச்சுவர் அடியிலேர்ந்துதான் ஓடை கிளம்பும். மேல விழுற தண்ணி சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியா பூமிக்குள்ள இறங்கிடும். 2015 டிசம்பர்ல பேய்மழைக்கு மட்டும் உச்சியிலேர்ந்தே அருவியா கொட்டுச்சு.

உச்சிக்கு ஏறுறவங்க கவனிக்க வேண்டியது அங்க இருக்கிற வெடிப்பு விழுந்த கல்தரை. கால் பட்டுப்பட்டு வழவழப்பாயிடுச்சு, நனைஞ்சா நிக்கவே விடாது. வெடிப்புல பாதம் சிக்கினா கணுக்கால் பிசகிடும். கல்லுக்குக் கல் தாவாம, ஒவ்வொரு கல்லோட நடுவுல காலை ஊன்றி நடங்க. ரப்பர் செருப்பு கூடவே கூடாது.

தண்டையார்பேட்டை_டிப்போ:
கோர்டேல் ஸ்காரையும் விட வேணாம் சார். கோர்டேல் பாலத்துகிட்ட டாக்சியில இறங்கினா, புல்வெளி வழியா சமதரைப் பாதைதான், கொஞ்ச தூரம். கடைசியில அருவியை ஒட்டி பாறை ஏறுற இடம் வரும், அங்கேயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிடுங்க.

பிராட்ஃபோர்ட் ஃபார்ஸ்டர் ஸ்கொயர்லேர்ந்து ஸ்கிப்டன் ஊருக்கு நேர் ரயில், சுமார் நாற்பது நிமிஷம். அங்கேர்ந்து மாலம் பஸ் ரொம்பக் கம்மி, அதனால முதல்ல திரும்பற பஸ்ஸைப் பார்த்துட்டு மத்ததை முடிவு பண்ணுங்க. டாக்சின்னா திரும்பற வண்டியையும் ஸ்கிப்டன்லயே பேசிடுங்க, மாலம்ல சிக்னலை நம்ப முடியாது. குடை காத்துக்கு மடங்கிடும், ரெயின்கோட் எடுங்க.

வழிகாட்டிக் கம்பத்துல மஞ்சள் அம்பு போட்டிருந்தா நடக்கிறவங்க பாதை. நீல அம்புன்னா குதிரை, சைக்கிளும் வரும். நீங்க திறந்த கேட்டை மறக்காம மூடணும். கன்னுக்குட்டியோட மாடு நின்னா நடுவுல பூந்து போகாதீங்க, சுத்திப் போங்க.

கொருக்குப்பேட்டை_ஜங்ஷன்:
நன்றிண்ணே. பஸ்ஸே வேணாம்னா? ரயில்ல இறங்கி அப்படியே நடக்கிற இடம் ஏதாவது?

ராயபுரம்_வடக்கு:
ரிபிள்ஹெட். ஸ்கிப்டன்ல கார்லைல் போற ரயிலுக்கு மாறுங்க. ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரத்துலயே 24 வளைவு ரயில் பாலம், 400 மீட்டர் நீளம். பெரிய ஏற்றம் இல்ல, ஆனா நிழலும் இல்ல, காத்து பிச்சுக்கும். ரயில் இடைவெளி அதிகம், டைம்டேபிளை போட்டோ எடுத்து வைங்க.

பக்கத்துல போல்டன் அபிங்கிற இடத்துக்குப் போனா ஒண்ணு கவனிங்க. வார்ஃப் ஆறு ஸ்ட்ரிட்ங்கிற இடத்துல பாறைக்கு நடுவுல ஒடுங்கி ஓடும். தாவிடலாம்னு தோணும். அடியில ஆழமும் இழுப்பும் பயங்கரம், உயிர் போயிருக்கு. ஈரப்பாறை ஓரத்துல செல்ஃபிக்குக்கூட நிக்காதீங்க.