தனுஷ்கோடிக் காதல் கதை: புயலில் முடிக்கலாமா?

மணல்மேடு: ஒரு குறுநாவல் எழுதுகிறேன். 1964, தனுஷ்கோடி. கிறிஸ்தவ மீனவப் பையன், ரயில்வே டிக்கெட் கிளார்க் வீட்டு ஐயர் பெண். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. டிசம்பர் 22 ராத்திரி ஓடிப்போகக் கிளம்புகிறார்கள், புயல் இருவரையும் கொண்டுபோகிறது. இந்த முடிவு எடுபடுமா?

தேவகி: எடுபடாது. மகளை அடித்துப் பூட்டிவைத்த அப்பன் கடைசி அத்தியாயத்தில் கடற்கரையில் நின்று கதறுவான், நாமும் மன்னித்துவிடுவோம். சாதிக்காரர்கள் செய்யவிருந்த கொலையைக் கடல் செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பாம்பன்காரன்: அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா. அன்று ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர், ஊருக்குள் நுழையுமுன் சிக்னல் கிடைக்காமல் நின்றது. கும்மிருட்டு, பேய் மழை. டிரைவர் நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ரயிலையே அலை சுருட்டிக்கொண்டது. அப்படிச் செத்த ஊரில் காதல் மட்டும் பிழைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

தேவகி: தம்பி, ஊரில் எல்லோருமா செத்தார்கள்? தப்பியவர்கள் ராமேஸ்வரம் வந்தார்களே. தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்துவிட்டது. தெரு இல்லை, வீடு இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் கஞ்சிக்கு நிற்கிறது. முன்னால் நிற்பது அந்தப் பையன். அப்போதும் அப்பன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வானா? எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டும்.

செங்குட்டுவன்: முடிவு கிடக்கட்டும், எங்கே ஓடுகிறார்கள்? இலங்கைக்குப் போகும் தலைமன்னார் கப்பல் என்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள். அந்த அக்டோபரில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளி மலையகத்து ஆட்களையே இங்கே அனுப்பக் கையெழுத்துப் போட்டிருந்த நேரம்.

மணல்மேடு: இலங்கை இல்லை அண்ணே, மெட்ராஸ்.

செங்குட்டுவன்: அப்படியானால் தீவைக் கரையோடு இணைத்த பாம்பன் ரயில் பாலத்தைத் தாண்டவேண்டும். புயலில் அதன் இரும்பு கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டன, கப்பலுக்கு வழிவிட நடுவில் இருந்த தூக்குப் பாலம்தான் தப்பியது. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். அதுவரை ரயில் கிடையாது. பிழைத்தாலும் அப்பனோடு அதே தீவில்தான் கிடக்கவேண்டும். அக்கா கேட்ட காட்சி அங்கே தானாக வரும்.

பாம்பன்காரன்: பையன் மீனவன். மண்டபம் கரைக்கு வள்ளம் விடத் தெரியாதா?

தேவகி: வள்ளத்தை மட்டும் அலை விட்டுவைத்ததா, தம்பி?

பாம்பன்காரன்: சரி. ஆனாலும் எல்லோரும் பிழைக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒருவராவது போகவேண்டும்.

தேவகி: போகட்டும். அது ஏன் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கவேண்டும்? அப்பன் போகட்டுமே.