மறு: 'இஷ்யூ ஸ்பாட்டிங்' – எழுவினா காணல்?

> சட்டத் தேர்வில் கதைபோல ஒரு நிகழ்வைக் கொடுத்து, அதற்குள் இருக்கும் சட்டக் கேள்விகளைப் பிரித்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்த 'இஷ்யூ ஸ்பாட்டிங்'குக்குச் 'சிக்கல் கண்டறிதல்' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

'சிக்கல் கண்டறிதல்' வேண்டாம். கணினி பழுதுபார்ப்பவர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நீதிமன்றத் தமிழில் 'இஷ்யூ'வுக்கு 'எழுவினா' இருக்கிறது. 'எழுவினா காணல்' என்று வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் எழுவினாவை வகுப்பவர் நீதிபதி, தேர்வில் மாணவர் என்ற வேறுபாடு உண்டுதான்; அதனால் சொல் கெட்டுவிடாது.

எனக்கு அவசரமாக வேண்டியது காணத் தவறிய வினாவுக்கு ஒரு பெயர். மதிப்பெண் குறைந்தால் 'சட்டம் மனத்தில் நிற்கவில்லை' என்று மாணவர்கள் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டுப் பழைய குறிப்பையே மறுபடி உருப்போடுகிறார்கள். விடைத்தாளை மாதிரி விடையோடு வரிவரியாக ஒப்பிட்டால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும்.

ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வினா: விற்பவர், "வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் என் கைக்குக் கிடைக்க வேண்டும்" என்று எழுதுகிறார். வாங்குபவர் வியாழனன்று ஏற்புக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கிறார்; அது திங்களன்று போய்ச் சேர்கிறது. மாணவர் 1818ஆம் ஆண்டின் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கைச் சொல்லி, அஞ்சலில் சேர்த்த கணமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று முடித்துவிடுகிறார். விதியில் பிழையில்லை. 'கைக்குக் கிடைக்க' என்ற இரண்டு சொற்கள் அந்த அஞ்சல் விதியை விலக்கிவிடுமா என்ற கேள்விதான் விடையில் இல்லை. 1974இல் ஹோல்வெல் எதிர் ஹியூஸ் வழக்கில் இதுபோன்ற சொற்கள் அந்த விதியை விலக்கின. இந்த மாணவர் அஞ்சல் விதியை இன்னும் நூறு முறை படித்தாலும் அடுத்த தேர்விலும் அந்தச் சொற்களைத் தாண்டித்தான் போவார்.

இதற்கு 'விடுவினா' என்று முன்மொழிகிறேன். எழுவினா போலவே வினைத்தொகை. விட்ட வினா, விடும் வினா இரண்டுக்கும் பொருந்தும். விடைத்தாளின் ஓரத்தில் 'வி' என்று குறிக்க வசதி. சட்டமே தவறென்றால் 'ச'. சட்டம் சரியாக இருந்தும் நிகழ்வோடு ஒட்டவில்லையென்றால் 'பொ', அதாவது பொருத்தக் குறை. எந்த எழுத்து அதிகம் விழுகிறதோ அதற்கேற்பப் பயிற்சி. 'வி' நிறைந்த தாள் என்றால் முழு விடை எழுதிப் பழகுவதை நிறுத்திவிட்டு, பழைய வினாத்தாள்களில் எழுவினாக்களை மட்டும் பட்டியலிட வேண்டும். 'பொ' நிறைந்திருந்தால் ஒரே பத்தியைத் திருப்பி எழுத வேண்டும், ஒவ்வொரு முடிவுக்கும் 'ஏனெனில்' போட்டு நிகழ்விலிருந்து ஒரு விவரத்தைச் சேர்த்து.

சட்டத்தை நிகழ்வோடு பொருத்தும் 'அப்ளிகேஷன்' என்பதற்குப் 'பயன்பாடு' என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அது கைப்பேசிச் செயலியைத்தான் நினைவூட்டுகிறது. 'பொருத்திக் காட்டல்' எனக்குப் பிடித்திருக்கிறது, சற்று நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது உண்டா?