மறு: கோல்ஃப் திடல் ‘ரெஸ்டோரேஷன்’: புதுக்கலா, மீட்பா?

நண்பர்களே,

அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் கோல்ஃப் திடலைப் பற்றி நான் மொழிபெயர்க்கும் கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாகப் பேசியும் ‘ரெஸ்டோரேஷ’னுக்குத் தமிழ்ச்சொல் அமையவில்லை. வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> கல்வெட்டிலேயே ‘புதுக்குப்புறம்’ உண்டு. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலம். ‘புதுக்கல்’ என்று போடுங்கள்.

ஐயா, அருமையான சொல். ஆனால் பைன்ஹர்ஸ்ட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. அங்குள்ள இரண்டாம் எண் திடலை அதை வடிவமைத்த டொனால்டு ராஸ் 1907 முதல் 1948இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். வட கரோலினாவின் மணல்காட்டு நிலம் அது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஓரத்து மணலை மூடிப் பச்சைப்புல் வளர்த்தார்கள். புதுக்கல் என்றால் அதுதான். 2010இல் வந்த வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அதைத்தான் கழற்றினார்கள். 35 ஏக்கருக்கு மேல் புல்லை உரித்தெடுத்தார்கள். 1,150 தெளிப்பான்கள் இருந்த இடத்தில் 450தான் மிஞ்சின.

> ‘மீட்டமைப்பு’ எல்லோருக்கும் புரியுமே?

புரியும் அக்கா. ஆனால் போனில் ‘ரீசெட்’டுக்கு ‘மீட்டமை’ என்றுதானே வருகிறது? பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் வேலை போல ஆகிவிடுகிறது. ‘மீட்டுருவாக்கம்’ மொழியியல்காரர்களுடையது. அழிந்துபோன மூலமொழியை ஊகித்து எழுப்புவார்களே, அதற்குப் பொருந்தும். இங்கே திடல் அழியவில்லை, குழி இருக்கும் கிரீன்களிலும் பெரிதாகக் கை வைக்கவில்லை.

‘முன்னிலையாக்கம்’ வேண்டாம். நீ, நீர், நீங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

பழைய ஃபேர்வேயின், அதாவது பந்தடித்துச் செல்லும் புல்வழியின், அகலத்தைக் கூரும் கிரென்ஷாவும் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? 1943இல் எடுத்த வான்படம் ஒன்று உதவியது. அப்புறம், மண்ணுக்குள் நடுவாக ஒரே வரிசையில் ஓடிய பழைய தண்ணீர்க் குழாய். அதிலிருந்து தண்ணீர் எட்டிய தூரம்வரை புல், எட்டாத இடத்தில் மணலும் கம்பிப்புல்லும். அந்தக் குழாயே எல்லை காட்டிவிட்டது. இந்தப் பத்தியை மொழிபெயர்த்தபோதுதான் எனக்கு ‘பழநிலை மீட்பு’ தோன்றியது. எந்த நிலைக்குத் திரும்புகிறோம் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்.

> ‘மீட்பு’ என்றால் அடகு நகைதான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. நகை நம்முடையது, இடையில் வேறொருவர் கையில் இருந்தது, திருப்பிக்கொண்டோம். பொருள் சரியாகவே இருக்கிறது.

அடுத்தது, அந்த ஓரத்து மணல்பரப்புக்கு என்ன சொல் என்பது. ‘பாலை’யை என்னால் ஏற்க முடியாது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்பது சிலம்பு. இங்கே மணல்தான் இயல்பு, பச்சைதான் திரிபு. ‘தேரி’ நல்ல சொல், ஆனால் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடு கண்முன் வந்து நிற்கிறது. ‘மணற்கரம்பு’ என்று எழுதலாமா? கரம்பு என்றால் உழாமல் விட்ட நிலம் என்று ஊரில் யாருக்கும் தெரியும்.

2014இல் ஆடவர், மகளிர் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டிகள் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ‘மணற்கரம்பு’ பற்றிச் சொல்லுங்கள்.

‘பழநிலை மீட்பு’க்கு நால்வர் சரி என்றிருக்கிறார்கள், அதையே அனுப்புகிறேன். ‘புதுக்கல்’தான் சரி என்று ஐயா இன்று காலையும் எழுதியிருக்கிறார். அந்த மறுப்பு இழையில் அப்படியே இருக்கட்டும்.