சிவத்தானேஹோவில் எங்கே சாப்பிடுவது: சந்தையா, கடற்கரையா, நட்சத்திர மதிப்பெண்ணா?

கடலோடி:
மெக்சிகோவின் பசிபிக் கரையில் கெர்ரேரோ மாநிலத்தில் இருக்கும் சிவத்தானேஹோவுக்குப் பிப்ரவரியில் ஐந்து நாள் போகிறோம். தங்கல் லா மதேரா கடற்கரைப் பக்கம். நாலு பேர். அதில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம். ஒரு தரப்பு "கடற்கரை உணவகம் பக்கமே போகாதே, சந்தையில் மட்டும் சாப்பிடு" என்கிறது. இன்னொரு தரப்பு "இணைய வரைபடத்தில் நட்சத்திர மதிப்பெண் 4.5க்கு மேல் இருந்தால்தான் நுழை" என்கிறது. கடைப் பெயர்கள் வேண்டாம், அவை வருஷத்துக்கு வருஷம் மாறும். எப்படித் தேடுவது என்று சொல்லுங்கள்.

சோளக்கொண்டை:
அந்த ஊரில் கடையை விட நேரம் முக்கியம். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு, அந்த வேளைக்குத்தான் புதிதாகச் செய்வார்கள். வேளை தப்பிப் போனால் நல்ல கடையிலும் சூடு பண்ணியதுதான் கிடைக்கும்.

காலையிலும் மதியத்திலும் மத்திய சந்தைக்குள் இருக்கும் ஃபோந்தாக்களுக்குப் போங்கள். நம்மூர் மெஸ் மாதிரி நாலைந்து ஸ்டூல், ஒரு அடுப்பு மேடை, அவ்வளவுதான். மதியம் அங்கே கிடைப்பது கொமீதா கொரீதா: முதலில் சூப், அடுத்து சோறு, அப்புறம் அன்றைக்குச் செய்த குழம்புகளில் ஒன்று, கூடவே தொர்த்தியா (சோள மாவு ரொட்டி), ஒரு குவளை பழத்தண்ணீர். எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஒன்று, ஒன்றரை மணிக்குப் போனால் நாலைந்து குழம்பில் எது வேண்டுமோ எடுக்கலாம். மூன்றரைக்குப் போனால் சட்டியின் அடியில் கிடப்பதுதான்.

கடல் உணவு அங்கே பகல் சாப்பாடு. மீன், இறால் மட்டும் விற்கும் கடைகளில் பெரும்பாலானவை மாலையோடு மூடிவிடும். இரவு பத்து மணிக்குச் செவிச்சே (எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன்) தருகிற கடை வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்திருக்கும் கடை. இரவுக்குத் தாக்கோதான், அதாவது தொர்த்தியாவில் கறி வைத்து மடித்தது. அல் பஸ்தோர் (கம்பியில் அடுக்கிச் சுடும் பன்றிக்கறி) கடையில் கறி அடுக்கிய கம்பியைப் பாருங்கள். ஏழு மணிக்கு முழு உருண்டையாக ஏறியிருக்கும், எட்டு மணிக்கு மேல் வெளிப்பக்கம் நன்றாகக் கருகி முறுகும். தாக்கோவுக்குத் தாக்கோ அப்போதே சீவினால் உட்காருங்கள். முன்பே சீவிக் குவித்ததைத் தட்டையான கல்லில் புரட்டிக்கொண்டிருந்தால் நடையைக் கட்டுங்கள், அது காய்ந்த கறி.

வியாழக்கிழமையை மட்டும் வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். கெர்ரேரோ முழுக்க அன்று பச்சைப் பொசோலே, சோள மணியும் கறியும் போட்ட சூப். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோலைக் கழுவி, நுனியைக் கிள்ளி, மறுபடி மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும். தினமும் செய்யக்கூடிய வேலை இல்லை. பச்சை நிறம் தொமத்தியோ காயாலும் எபசோத்தே போன்ற தழைகளாலும் வருகிறது, கெட்டித்தன்மை அரைத்த பூசணி விதையால். விதை விழுது சேர்ந்தபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். அப்படி மிதந்தால் அவசரச் சமையல். சோள மணி இதழ் விரித்திருக்க வேண்டும். குண்டாக, கடிக்க ரப்பராக இருந்தால் டப்பாச் சோளம். மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய அவகாடோ, பொரித்த பன்றித்தோல், வெங்காயம், ஒரேகனோ, எலுமிச்சை, மிளகாய், மொறுமொறு தொர்த்தியா வைப்பார்கள். சில கடைகளில் மத்தி மீனும் வரும். ஒரேகனோவை உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். பன்றித்தோலை மொத்தமாகக் கொட்டாமல் கரண்டிக்குக் கொஞ்சமாகப் போடுங்கள், ஊறினால் சவசவத்துவிடும்.

ஞாயிறு காலை ரெயேனோ: மசாலா தடவி அடுப்பில் மெதுவாக வெந்த பன்றிக்கறி, பொலீயோ ரொட்டிக்குள் வைத்துத் தருவது. சீக்கிரம் தீர்ந்துபோகும்.

தராசுமுள்:
சோளக்கொண்டை சொல்லும் கால அட்டவணை சரி. ஆனால் வியாழக்கிழமை ஊரில் பொசோலே வைக்கும் கடைகள் பல. அதில் எதற்குள் நுழைவது? அங்கேதான் மதிப்பெண் உதவும், படிக்கத் தெரிந்தால். மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். லா ரோப்பா கடற்கரையில் 4.7 வாங்கிய கடையின் கருத்துகளைத் திறந்தால் பாதிக்கு மேல் சூரிய அஸ்தமனத்தையும் பரிமாறியவரின் புன்னகையையும் பற்றித்தான் இருக்கும். கருத்துகளைப் புதியது முதலில் என்று அடுக்குங்கள். ஸ்பானிஷில் எழுதியவற்றை மட்டும் எடுங்கள். தேடல் பெட்டியில் பண்டத்தின் பெயரைப் போடுங்கள்: பொசோலே, திரீத்தாஸ் (எலுமிச்சையில் புரட்டிய பச்சை மீன் கீற்று). ஐந்து பேர் ஒரே பண்டத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டினால் அந்தக் கடையில் அதை மட்டும் சாப்பிடுங்கள். 4.2 வாங்கி, "இடம் நெருக்கடி, காத்திருக்கணும், ஆனா பொசோலே பிரமாதம்" என்று ஸ்பானிஷில் திட்டும் பாராட்டுமாக இருக்கும் கடை, 4.8 வாங்கிய கடையை விட நம்பத் தகுந்தது.

வரைபடத்தில் போட்டிருக்கும் திறப்பு நேரத்தை நம்பாதீர்கள். சின்னக் கடைக்காரர்கள் ஃபேஸ்புக்கில்தான் அன்றன்றைக்கு என்ன இருக்கிறது என்று போடுவார்கள்.

இன்னொன்று, "உள்ளூர்க்காரர் கூட்டம் இருந்தால் நல்ல கடை" என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். மலிவாக இருப்பதாலும் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருப்பதாலும் கூடக் கூட்டம் வரும். கூட்டத்தால் உறுதியாகக் கிடைக்கும் நன்மை ஒன்றுதான்: சரக்கு தேங்காது.

உப்புக்காற்று:
"கடற்கரை உணவகம் பக்கமே போகாதே" என்பதை முழுசாக மறுக்கிறேன். மீன் வந்து இறங்குவதே கடற்கரையில். பசேயோ தெல் பெஸ்கதோர் நடைபாதையை ஒட்டி, பிளாயா பிரின்சிபால் என்ற ஊர்க் கடற்கரையில், விடிகாலையில் படகுகள் கரையேறி மணலிலேயே விற்கின்றன. ஏழு மணிக்கு அங்கே ஒரு நடை போனால் அன்றைக்கு என்ன மீன் விழுந்தது என்று தெரிந்துவிடும். மதியம் உணவகத்தில் அந்த மீனைக் கேளுங்கள். காலையில் கண்ணில் படாத மீன் பட்டியலில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடற்கரையில் ஏமாறுவது பெரும்பாலும் துண்டு மீனில்தான். மீனின் பெயரே போடாமல் "ஃபிலேத்தே" என்று மலிவு விலை இருந்தால் அது இறக்குமதியான பாசா கெளுத்தியாகவோ பண்ணைத் திலாப்பியாவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். முழு மீன் கேளுங்கள். வச்சினாங்கோ என்ற சங்கரா வகை மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். கண் புடைத்துப் பளிச்சென்று, செவுள் நல்ல சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். விலை கிலோ கணக்கு என்பதால் அடுப்பில் ஏறும் முன்பே "குவாந்தோ பேசா?" என்று எடை கேட்டு மொத்த விலையையும் சொல்ல வையுங்கள். தலையும் முள்ளும் போனால் பாதிக்கும் குறைவாகத்தான் சதை தேறும். மூன்று பேருக்கு ஒன்றரைக் கிலோ முழு மீன் சரியாக இருக்கும். அ லா தாயா, அதாவது வயிறு பிளந்து விரித்து வற்றல் மிளகாய் மசாலா தடவிக் கரியில் சுடுவது, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முதலில் சொல்லிவிட்டுக் கடலில் இறங்குங்கள். பத்து நிமிடத்தில் வந்தால் முன்பே சுட்டு வைத்தது.

அந்த ஊரின் சொந்தப் பண்டம் திரீத்தாஸ். மீனை விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்றாக அரிந்து எலுமிச்சைச் சாறு, சிவப்பு வெங்காயம், செர்ரானோ மிளகாய், உப்பு, ஒரேகனோ சேர்த்துப் புரட்டி உப்பு பிஸ்கட்டோடு உடனே தருவது. செவிச்சே மாதிரி ஊறக்கூடாது. கீற்றின் ஓரம் வெளுத்து நடு இன்னும் கண்ணாடியாகத் தெரியும் பதம்தான் சரி. முழுக்க வெளுத்து உதிர்ந்தால் காலையிலேயே கலந்து வைத்தது. தட்டின் அடியில் பாலாகத் தண்ணீர் கசிந்தால் உறைந்த மீன்.

தராசுமுள்:
உறைந்த மீனைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எலுமிச்சை மீனை வேகவைப்பதில்லை, புழுவையும் கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் கடல் மீனில் அனிசாக்கிஸ் புழுவுக்குப் பாதுகாப்பு உறைய வைப்பதுதான்: மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள். ஆகவே "இன்று காலை பிடித்தது" என்பது ருசிக்குச் சான்று, பாதுகாப்புக்குச் சான்று இல்லை.

உப்புக்காற்று:
நீங்கள் சொல்வது மருத்துவப்படி சரி. ஆனால் அந்தக் கடைகளின் சாதாரணக் குளிர்ப்பெட்டிகள் அந்தக் குளிரை ஏழு நாள் விடாமல் பிடித்து வைக்கும் என்று நம்ப முடியாது. எனவே அங்கே கிடைக்கும் உறைந்த மீன் அந்தப் பாதுகாப்பையும் தராது, ருசியையும் தராது. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் திரீத்தாஸைத் தொடவே வேண்டாம், சுட்ட மீன் சாப்பிடட்டும். மற்றவர்கள் அபாயம் தெரிந்து, பகலில், பனிக்கட்டி மேல் மீன் கிடக்கும் கடையில் சாப்பிடலாம்.

இறாலுக்கும் ஒரு வார்த்தை. பசிபிக் கரையில் பொதுவாக மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் வரை கடல் இறாலுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் "இன்று பிடித்த இறால்" என்று சொன்னால் அது பண்ணையிலிருந்தோ குளிர்ப்பெட்டியிலிருந்தோ வந்தது. நீங்கள் போவது பிப்ரவரி, அதனால் கவலை இல்லை. டொராடோ மீனும் பாய்மர மீனும் கரையிலிருந்து 50 கடல் மைல் வரை விளையாட்டு மீன்பிடிப்புக்கு மட்டும் ஒதுக்கியவை. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வஞ்சிர வகை மீனான சியெர்ரா போதும், திரீத்தாஸுக்கு அது அருமையாக அமையும்.

பச்சைப்பயறு:
எல்லோரும் மீனிலேயே நிற்கிறீர்கள், சைவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சோளக்கொண்டை புகழும் சந்தை ஃபோந்தாதான் சைவருக்கு மிகவும் சிக்கலான இடம். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சோற்றில் கோழிச்சாறு, சோள மாவைப் பொதிந்து அவிக்கும் தமாலில் மறுபடி கொழுப்பு. பொசோலேயில் கறியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னாலும் சாறு கறி வெந்த சாறுதான். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி வேவோ, நி கால்தோ, நி மன்தேகா." கடைசி இரண்டும் கறிச்சாறும் கொழுப்பும். அவற்றைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

பாதுகாப்பான வழி, தோசைக்கல் போன்ற கொமாலில் மாவைக் கையால் தட்டிப் போடும் கேசதியா (உள்ளே பூரணம் வைத்து மடித்த தொர்த்தியா) கடை. உள்ளே பூசணிப்பூ, நீள மிளகாய்க் கீற்று, காளான், நோப்பால் கள்ளி என்று கேட்கலாம். எண்ணெயில் பொரிக்காமல் கல்லில் வாட்டியதைக் கேளுங்கள், பொரிக்கும் எண்ணெயில் கறியும் விழும். சோளப்பூஞ்சை வித்லகோச்சே மழைக்காலத்தில்தான் பச்சையாகக் கிடைக்கும், பிப்ரவரியில் டப்பா. தெருவில் விற்கும் அவித்த சோளத்தில் மயோனைஸ் பூசுவார்கள், அதில் முட்டை உண்டு. எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் மட்டும் போடச் சொல்லுங்கள்.

சோளக்கொண்டை:
பச்சைப்பயறு சொல்வதில் ஒன்றைத் திருத்துகிறேன். சந்தையில் சைவருக்கு வழியே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை ஏழரைக்கு, கூட்டத்துக்கு முன், சமைப்பவரிடமே கேட்டால் பானையில் கொழுப்பு போடாத பீன்ஸ் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். முதலில் வேகவைப்பது வெறும் தண்ணீரில்தான், கொழுப்பு சேர்வது பிறகு மசித்துத் தாளிக்கும்போது. மசிக்காத பானை பீன்ஸ், தொர்த்தியா, நோப்பால், காரச் சட்னி மாதிரியான சல்சா. நிறைவான காலைச் சாப்பாடு அது. மதிய நெரிசலில் இதே கேள்விக்கு "ஆமாம், இல்லை" என்று வாய்க்கு வந்த பதில்தான் கிடைக்கும்.

கடலோடி:
நன்றி, நிறையத் தெளிந்தது. இரண்டு கேள்வி. காசு விஷயத்தில் எங்கே ஏமாறுவோம்? பக்கத்துக் கடலோர ஊரான பார்ரா தெ பொத்தோசிக்கு ஒரு நாள் போகலாமா, அல்லது படகில் லாஸ் கத்தாஸ் கடற்கரையே போதுமா?

தராசுமுள்:
பட்டியலில் இருக்கும் டாலர் குறிதான் மெக்சிகோ நாணயமான பெசோவுக்கும் குறி. 180 என்றால் 180 பெசோ. பெசோவிலேயே கொடுங்கள், டாலர் நீட்டினால் கடைக்காரர் வைத்ததுதான் மாற்று விலை. பணம் எடுக்கும் இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். 16 சதவீத வரி பட்டியல் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும், தனியே ஏற்றினால் கேளுங்கள். பரிமாறுபவருக்கு 10 முதல் 15 சதவீதம் வழக்கம். பில்லில் அதைக் கட்டாயமாகச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது, ஏற்கனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கேட்காமல் பில் வராது, அது அங்கே மரியாதை.

உப்புக்காற்று:
லாஸ் கத்தாஸுக்கு ஊர்த் துறையிலிருந்து படகு, சில நிமிடப் பயணம். கடைகள் மணலை ஒட்டியவை, எல்லாச் சரக்கும் படகில் வர வேண்டும், அதனால் விலை கூடுதல். கடற்கரை பொதுச் சொத்து, ஆனால் நாற்காலி கடையுடையது. உட்காரும் முன்பே குறைந்தபட்சம் எவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று கேளுங்கள். சாப்பாட்டுக்காக என்றால் நான் பொத்தோசிக்குத்தான் அனுப்புவேன். காயலோரம் என்ரமாதா எனப்படும் ஓலைக் கூரை உணவகங்கள் வரிசையாக இருக்கும். ஞாயிறு குடும்பங்கள் நிறைந்து அடுப்பு திணறும், மீன் வரத் தாமதமாகும். செவ்வாய், புதன் என்றால் மதியம் பன்னிரண்டரைக்குப் போய், முதலில் அடுப்பைப் பாருங்கள். கரி கனன்று கொண்டிருக்கும் கடையில் உட்காருங்கள், எரிவாயு அடுப்பில் அ லா தாயா செய்தால் புகை வாசம் ஏறாது.

தராசுமுள்:
வாரநாள் யோசனையை நான் ஏற்கவில்லை. ஆள் குறைந்த நாளில் முந்தைய நாள் மீனை முதலில் தள்ளப் பார்ப்பார்கள். ஞாயிறே போங்கள், பன்னிரண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் தாமதமும் இருக்காது.

சோளக்கொண்டை:
ஞாயிறு காலை ரெயேனோவை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.