பாக்ஸ் (ஸ்பீக்கர்) சத்தத்தைக் கேட்டு அடுத்த பாட்டைச் சேர்த்தால் பீட் இரட்டிக்கிறது, ஏன்?

தங்கச்சிமடம் செட்:
மாமாவின் மைக் செட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். இப்போது டிஜே கன்ட்ரோலர் வாங்கித் தந்திருக்கிறார். வீட்டில், பீட்டைத் தானே பொருத்திவிடும் சிங்க் பட்டனைத் தொடாமலே ரெண்டு பாட்டை ஒட்டிவிடுவேன். போன வாரம் கடற்கரையில் கல்யாண வரவேற்பு. மேசை பந்தலுக்குப் பின்னால், பாக்ஸ் மேடைப் பக்கம், இருபது மீட்டர் இருக்கும். ஒரு காதில் ஹெட்போனில் அடுத்த பாட்டு, மறு காதில் ஓடுகிற பாட்டின் பாக்ஸ் சத்தம். பொருந்திவிட்டது என்று அடுத்த பாட்டின் ஒலி ஃபேடரை ஏற்றினால் "டடக் டடக்" என்று இரட்டை அடி. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

தொண்டி அலை:
சிங்க் போட்டுவிடுங்களேன்.

கீழக்கரை மைக்செட்:
தம்பி, உன் காதில் குறையில்லை, தூரம்தான் காரணம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 20 மீட்டர் தாண்டி உன்னிடம் வர 0.06 நொடி. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டில் அடிக்கு அடி அரை நொடிதான், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதம். அந்தத் தாமதத்துக்குத்தான் நீ அடுத்த பாட்டைப் பொருத்தியிருக்கிறாய்.

மேசையை ஒட்டி ஒரு சின்ன மானிட்டர் பாக்ஸ் வை. இல்லையென்றால் ரெண்டு காதையும் மூடி, கியூ மிக்ஸை (ஹெட்போனில் ஓடுகிற பாட்டையும் அடுத்த பாட்டையும் கலக்கும் திருகு) நடுவில் வைத்து ஹெட்போனிலேயே ரெண்டையும் கேள்.

பாம்பனில் ரெண்டு வல்லம் (மீன்பிடிப் படகு) பக்கத்தில் பக்கத்தில் போகும்போது இன்ஜின் சத்தத்தைக் கவனித்திருக்கிறாயா? கொஞ்ச நேரம் ஒரே அடி, அப்புறம் இரட்டிக்கும், மறுபடி சேரும். நான் பீட் பழகியது அதைக் கேட்டுத்தான். பாட்டும் அப்படித்தான், 120 பிபிஎம்மும் 120.5-ம் ஒரு நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். ஜாக் வீலை (பாட்டைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும் வட்டத் தட்டு) ஒரே பக்கம் ரெண்டு தடவை தள்ள வேண்டிவந்தால், வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை மயிரிழை நகர்த்து.

தங்கச்சிமடம் செட்:
அண்ணே, பழைய பாட்டு மட்டும் சிங்க் போட்டாலும் நழுவுகிறதே?

கீழக்கரை மைக்செட்:
அதெல்லாம் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது, வேகம் ஏறி இறங்கும். விரல் ஜாக் வீலிலேயே இருக்கட்டும். திஸ்ர நடை (மூன்று மூன்றாகப் போகும்) பாட்டை நாலு அடிப் பாட்டின் மேல் போடவே போடாதே. பிபிஎம் ஒன்றாக இருந்தாலும் உட்காராது. சரணம் முடிகிற இடத்தில் நிறுத்தி, அடுத்ததை முதல் அடியில் விடு.

தங்கச்சிமடம் செட்:
சரி அண்ணே. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஒரு காதுகுத்து. மேசைக்கு ஒரு பாக்ஸ் எடுத்து வைத்துவிட்டேன்.