ரெண்டு விலான் டேக் அடுக்கினால் பெரிய பாக்கெட் போகவில்லை, எக்ஸ்டிபியில் வெளி டேக்கும் காணவில்லை

கேள்வி

லினக்ஸ் ரவுட்டர். ஒவ்வொரு பிரேமிலும் ரெண்டு விலான் டேக் (அது எந்தப் பிரிவு நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று சொல்லும் 4 பைட் அடையாளம்). வெளி டேக் 100, அதன் டைப் 88ஏ8; உள் டேக் 200, டைப் 8100. இத்0 (நெட்வொர்க் கார்டு) மேல் ஒரு விலான் இன்டர்பேஸ், அதன் மேல் இன்னொன்று. எல்லாவற்றிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500. எஸ்எஸ்ஹெச்சில் லாகின் ஆகிறது, ஃபைல் காப்பி போட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. பாக்கெட்டைத் துண்டாக்காமல் பிங் அனுப்பிப் பார்த்தேன்: 1468 பைட் வரை பதில் வருகிறது, 1469 என்றால் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சந்தாதாரர் வாரியாக டிராஃபிக் எண்ண ஒரு எக்ஸ்டிபி புரோகிராம் (பாக்கெட் வந்தவுடன் டிரைவரிலேயே ஓடும் சிறு கோடு) ஓடுகிறது. இந்த மெஷினில் ரெண்டு டேக்கும் தெரிகிறது. வெளி டேக்கும் 8100 ஆக வரும் வேறொரு மெஷினில் 200 மட்டும்தான் தெரிகிறது. கோடு ஒன்றேதான். ஏன்?

மறுமொழி 1

அந்த 1468-லேயே விடை இருக்கிறது. 1468 + பிங்கின் ஐசிஎம்பி ஹெடர் 8 + ஐபி ஹெடர் 20 = 1496. அதோடு ஈதர்நெட் ஹெடர் 14, ரெண்டு டேக்குக்கு 8, கடைசி செக்சம் 4 சேர்த்தால் 1522. ஒரே ஒரு டேக் உள்ள பிரேமின் உச்ச அளவு அது. வழியில் ஏதோ ஒரு கார்டோ ஸ்விட்சோ அதற்கு மேல் வாங்குவதில்லை. லேயர் 2-இல் (ஐபிக்குக் கீழே, ஈதர்நெட் அடுக்கில்) விழுவதால் ஐசிஎம்பி பிழையும் திரும்பி வராது. பெறும் பக்கத்தில் ஈத்டூல் (கார்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) புள்ளிவிவரத்தில் நீளப் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள்.

மேலே விலான் அடுக்கும்போது லினக்ஸ் எம்டியுவில் 4 கழிப்பதில்லை. கீழ் இன்டர்பேஸ் நீளமான பிரேமைத் தாங்காது என்று தெரிந்தால் ஃப்ரீபிஎஸ்டி கழித்துவிடும்.

முதலில் இத்0-ஐ 1504 ஆக்குங்கள், பிறகு வெளி விலானை 1504; உள் விலான் 1500-லேயே இருக்கட்டும். வரிசை மாறினால் கர்னல் மறுக்கும், ஏனென்றால் மேலே உள்ளது கீழே உள்ளதைத் தாண்ட முடியாது. நடுவில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச் போர்ட்டும் 1526 பைட் பிரேமை விட வேண்டும். இத்0-க்கே ஐபி முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது டேக் இல்லாமல் 1504 அனுப்பத் தொடங்கும்.

ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லையா? உள் விலானை இரு முனையிலும் 1496 ஆக்கி, டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி துண்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1456-க்குக் கட்டுங்கள்.

மறுமொழி 2

எக்ஸ்டிபி பற்றி. கர்னலின் எஸ்கேபியில் (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கர்னல் வைக்கும் பதிவு) டேக் வைக்க இருப்பது ஒரே ஒரு இடம். கார்டு வெளி டேக்கை உரித்துத் தனியாகக் கொடுக்கும், டிரைவர் அதை அந்த இடத்தில் போடும். உள் டேக் டேட்டாவிலேயே கிடக்கும். எக்ஸ்டிபி ஓடும்போது எஸ்கேபியே உருவாகியிருக்காது. அதனால் பாக்கெட் டேட்டாவை மட்டும் படிக்கும் உங்கள் புரோகிராமுக்கு உரித்த டேக் தெரியாது. பல கார்டுகள் 8100-ஐ மட்டும் உரிக்கும், 88ஏ8-ஐத் தொடாது. முதல் மெஷினில் ரெண்டும் தெரிவது அதனால்தான்.

ஈத்டூலில் ஆர்எக்ஸ்விலானை (பெறும்போது கார்டு டேக்கை உரிப்பதை) ஆஃப் செய்யுங்கள். மற்ற வேலை எதுவும் கெடாது: வெளி டேக்கைக் கர்னலே உரித்து அந்த இடத்தில் வைத்து, வெளி விலானுக்குக் கொடுத்து, இடத்தைக் காலி செய்துவிட்டு மறு சுற்றில் உள் டேக்கை எடுக்கும்.

கோடிலும் ஒன்று கவனியுங்கள். டேக்கின் 16 பிட்டில் கீழ் 12 மட்டும்தான் எண். மேல் 3 முன்னுரிமை, நடுவில் ஒன்று டிஇஐ (நெரிசலில் கைவிடலாம் என்ற குறி). மாஸ்க் போடாமல் படித்தால் முன்னுரிமை 5-இல் வரும் 200 உங்களுக்கு 41160 ஆகத் தெரியும். ஒவ்வொரு 4 பைட் நகர்வுக்கும் டேட்டா முடிவைச் சோதிக்காவிட்டால் வெரிஃபையர் (புரோகிராமை ஏற்றும் முன் சோதிக்கும் கர்னல் பகுதி) ஏற்காது.

கேள்வி கேட்டவர்

1504 வைத்ததும் காப்பி ஓடுகிறது, நன்றி. அனுப்பும்போது சிபியு கொஞ்சம் அதிகம். டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) விலான் 200 என்று ஃபில்டர் போட்டால் இத்0-இல் எதுவும் வரவில்லை.

மறுமொழி 2

அது வெளி டேக்கை மட்டும் பார்க்கிறது. ‘விலான் 100 அண்ட் விலான் 200’ என்று அதே வரிசையில் எழுதுங்கள். விலான் என்ற சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் பார்க்கும் இடம் 4 பைட் தள்ளிப் போகும். அதனால் ஐபி, போர்ட் நிபந்தனைகளையும் அவற்றுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

சிபியு ஏறுவதற்குக் காரணம் டிஎஸ்ஓ (பெரிய டிசிபி டேட்டாவைக் கார்டே துண்டாக்கும் வசதி) இங்கே வேலை செய்யாதது. ரெண்டு டேக் உள்ள பாக்கெட் என்றால் பொதுவாகக் கர்னல் அதைக் கார்டிடம் விடாமல் தானே துண்டாக்கும். சில டிரைவர்கள் வெளி டேக்கைக் கார்டே செருக விடும், அதை ஆன் செய்தாலும் இந்தத் துண்டாக்கும் வேலை சிபியுவில்தான் நடக்கும்.