மின்சிகரெட் வேண்டாம் என்று மகனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி (ஒரு தாய், செந்தூல், மலேசியா):
என் மகனுக்கு வயது 15. லேசான அறிவுசார் குறைபாடு உடையவன். இடைநிலைப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். போன வாரம் அவனுடைய புத்தகப்பையைத் துவைக்க எடுத்தபோது, பென்சில் பெட்டிக்குள் விரல் நீள மின்சிகரெட் ஒன்று மாம்பழ மிட்டாய் வாசத்தோடு கிடந்தது. கேட்டதற்கு, "மேல்மாடி அண்ணன்கள் கொடுத்தார்கள், நான் அவர்கள் கூட்டாளி" என்று பெருமையாகச் சொன்னான். நுரையீரல் கெட்டுப்போகும் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, மறுநாளே அவர்களோடு படிக்கட்டில் போய் நின்றான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை. நாளை மதுவையும் நீட்டினால் என்ன செய்வான் என்று நினைத்தாலே பதறுகிறது.

பதில் (சிறப்புக் கல்வி ஆசிரியை, பட்டர்வொர்த்):
சகோதரி, பல ஆண்டுகள் கழித்து வரும் நோய் என்பது இப்பிள்ளைகளுக்கு எட்டாத செய்தி. அறிவுரையைக் குறைத்து, ஒத்திகையைக் கூட்டுங்கள். "வேண்டாம் அண்ணே, அம்மா கூப்பிடுகிறார்" என்ற ஒரே வாக்கியத்தையும், சொன்னவுடன் திரும்பி நடப்பதையும், அதே படிக்கட்டில் தினமும் ஐந்து நிமிடம் பழக்குங்கள். என் மாணவன் ஒருவன் என்னிடம் அழகாக "வேண்டாம்" என்பான். தொப்பி போட்ட பெரிய பையன் நீட்டியபோது வாங்கிக்கொண்டான். ஆகவே நீட்டுபவரும் இடமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று பலரையும் நடிக்கச் சொல்லுங்கள். பயமுறுத்தும் படங்களை நான் காட்டுவதில்லை; இரவில் தூங்காமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில் (ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்):
அம்மா, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயதுக்குட்பட்டோருக்கு மின்சிகரெட் விற்பது குற்றம். மது வாங்க 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் என் மகனைத்தான் பீர் எடுத்து வரச் சொல்வார்கள். "கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுப்பார்கள். அந்தப் பாராட்டுக்காகவே அவன் ஒருநாள் குடித்துப் பார்த்தான். அன்றோடு அந்த வேலையை நிறுத்தினோம். மது வலிப்பைத் தூண்டக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கமும் கூடும் என்பதால், மருத்துவரிடம் மறைக்காமல் பேசுங்கள். நிக்கோட்டின் பழக்கம் பிடித்திருந்தால் அரசு சுகாதார நிலையத்தில், புகைப்பழக்கத்தை விட உதவும் எம்குவிட் சேவை உண்டு. முக்கியமாக, உங்கள் மகன் தேடியது புகையை அல்ல, கூட்டாளிகளை. அவர்களை விலக்கும்போது, மாலையில் பந்து விளையாட வேறு துணையையும் நீங்கள்தான் தேடித் தர வேண்டும்.

கேள்வி கேட்ட தாய்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை என் தம்பி பேனாவை நீட்டி நடித்தான். முதல் இரண்டு முறை மகன் வாங்கிக்கொண்டான்; மூன்றாவது முறை "வேண்டாம்" என்றான், கை மட்டும் இன்னும் நீண்டபடியே இருந்தது. இன்று மாலையும் படிக்கட்டுக்குப் போகிறோம்.